வழித்துணை

மனிதர்களுக்குள் ஜாதி பார்க்கலாகாது என்று இருபது வருஷமாக வகுப்பில் போதித்து வருகிறவன் நான். ஆனாலும் பஸ்களுக்குள் ஜாதி உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பறக்கும் குளிர்சாதன பஸ் ஒரு ஜாதி. அது எங்கள் ஊர்களைக் கண்ணெடுத்தும் பாராது. அதில் ஏறியவர்களும் ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று பெரிய ஊர்களில் மட்டும் நிற்கும் பஸ் இரண்டாவது ஜாதி. மூன்றாவது, டவுன் பஸ். கை காட்டினால் அது நிற்கும். சில சமயம் காட்டாவிட்டாலும் நிற்கும். புளியமரத்தடி, டீக்கடை வாசல், மாரியம்மன் கோயில் திருப்பம் எல்லாமே அதற்கு நிலையந்தான். கீரைக் கட்டும், கோழிக் கூடையும், கல்யாணத்துக்குப் போகும் பட்டுப் புடவையும், கம்பெனி வேலைக்குப் போகும் சாப்பாட்டுப் பையும் அதற்குள் சரிசமானமாக நசுங்கும்.

நான் மூன்றாவது ஜாதியில் பிறந்தவன் அல்ல. நாற்பது வயதுக்கு மேல் அதில் சேர்ந்தவன். சேர்ந்ததனால் அடைந்த லாபத்தையும், அதன் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட வெட்கத்தையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் ஜாகை வேலூரில். உத்தியோகம் ஆம்பூருக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில். சரித்திர பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பதினைந்து வருஷம் இரண்டாவது ஜாதி பஸ்ஸிலேயே போய் வந்தேன். அந்தப் பதினைந்து வருஷத்தில் வழியில் நான் கண்டது என்ன என்று கேட்டால், முன் ஆசனத்தில் இருந்தவரின் பின்தலை என்றுதான் சொல்ல வேண்டும். ஆம்பூர் நெருங்கும்போது மாத்திரம் எல்லோரும் விழித்துக்கொள்வோம். தோல் பதனிடும் இடங்களிலிருந்து அந்த வாடை ஜன்னல் வழியாக வரும். உடனே கைக்குட்டைகள் ஒவ்வொன்றாக மூக்கை நோக்கி எழும். என் கைக்குட்டையும் எழும். வாடை கடந்ததும் கைக்குட்டைகள் இறங்கும், தூக்கம் தொடரும்.

இந்த யோக நித்திரையைக் கலைத்தவள் என் பெண். அப்போது அவளுக்கு எட்டு வயது. "பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர், கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் உற்பத்தியாகி, ஆந்திரத்தில் சிறிது தூரம் ஓடி, வாணியம்பாடி வழியாக நம் ஜில்லாவுக்கு வந்து, கல்பாக்கத்துக்கு அருகே கடலில் விழுகிறது" என்று ஒருநாள் அவளுக்குக் கம்பீரமாக எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டாள்: "நீங்கள் அதில் இறங்கி நடந்திருக்கிறீர்களா, அப்பா?"

நடந்ததில்லை. பாலத்தின்மேல் பஸ்ஸில் போனதோடு சரி.

அன்று முதல் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் யாத்திரை என்று எங்கள் வீட்டில் சட்டமாயிற்று. போகும் இடம் முக்கியமல்ல. பஸ் எங்கே கொண்டு போய் விடுகிறதோ அங்கிருந்து நடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வள்ளிமலைக்குப் போய், முருகன் கோயிலும் சமணர் குகைச் சிற்பங்களும் ஒரே குன்றில் சண்டையில்லாமல் இருப்பதைப் பார்த்தோம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி நதிக்கரையில் கட்டுச்சோறு தின்றோம். ஏலகிரி மலைப் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். தலை சுற்றிய நிலையிலும் என் பெண் அத்தனை பெயரையும் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். காவலூரில் 1986-ல் திறந்துவைக்கப்பட்ட பெரிய தூரதரிசினியை அண்ணாந்து பார்த்தோம். அதன் கண்ணாடியின் குறுக்களவு 2.34 மீட்டர். நட்சத்திரம் பார்க்க வரும் பண்டிதர்கள் உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் அங்கே வந்து போகிறார்கள். பக்கத்து ஊரில் இருந்த நான் போய்ச் சேர நாற்பத்திரண்டு வருஷம் ஆயிற்று!

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்பார்கள். ஐந்தாவதாகவும் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையை என் மனைவியும் படிக்கப் போவதால் அதை விட்டுவிடுகிறேன். சாமியில்லாத கோயில் என்ற குறை 1981-ல் நீங்கிற்று. ஜலகண்டேசுவரர் அந்த வருஷம் கோட்டைக்குள் திரும்ப எழுந்தருளினார். நீரில்லாத ஆறு என்ற பழிக்கு 2021 நவம்பரில் பாலாறே பதில் சொல்லிவிட்டது. 1903 நவம்பரில் வாணியம்பாடிக்குள் புகுந்து குடிகளை வாரிக்கொண்டு போன வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தோம். அப்படி ஒன்று வருமா என்று சந்தேகப்பட்டவர்களின் வாயை 2021 வெள்ளம் அடைத்தது.

நிற்க. சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "இன்று விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, ஆம்பூர்" என்று அறிவித்தேன்.

"ஒரே நாளில் மூன்று ஊரா? அதிலும் தினமும் போய் வரும் ஆம்பூருக்கு ஞாயிற்றுக்கிழமையும் போவானேன்?" என்று என் மனைவி கேட்டாள்.

காரணம் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. நேயர்களுக்கும் சற்றுப் பொறுத்தே சொல்கிறேன்.

பழைய பஸ் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு ஏறினோம். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணம் இல்லை அல்லவா? கண்டக்டர் என் மனைவிக்கும் பெண்ணுக்கும் மரியாதையாகக் கட்டணமில்லாச் சீட்டைக் கொடுத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"குடும்பத் தலைவர் யார் என்று இப்போதாவது தெரிகிறதா?" என்றாள் என் மனைவி.

"தெரியாமல் என்ன? பணம் கொடுக்கிறவர்" என்றேன்.

"இல்லை. பணம் கொடுக்காமல் உட்கார்ந்து வருகிறவர்."

நான் நின்றுகொண்டிருந்தேன், ஆகையால் பதில் சொல்லவில்லை.

வேடிக்கை ஒருபுறம் இருக்க, அந்தச் சீட்டு எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய உபகாரம் என்பது டவுன் பஸ்ஸில் போனால்தான் தெரியும். வார நாட்களில் காலையில் அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கம்பெனிப் பெண்கள்தாம். 'கம்பெனி' என்றால் எங்கள் பக்கத்தில் வேறு அர்த்தமே கிடையாது. பூட்ஸ் தைக்கும் தொழிற்சாலை என்றுதான் பொருள். லண்டனிலும் பெர்லினிலும் நடக்கிற கால்களுக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கிறவர்கள், இந்த பஸ் நிற்கும் புளியமரத்தடிகளிலிருந்துதான் புறப்படுகிறார்கள்.

பொய்கை வந்தது. செவ்வாய்க்கிழமையானால் இங்கே மாட்டுச் சந்தை கூடி, ஜனமும் மாடும் சாலை வரை நெருக்கும். ஞாயிற்றுக்கிழமை முளைக்குச்சிகள் மாத்திரம் கால்நடைகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. செதுவாலையில் இறங்கி வடக்கே நடந்தோம். இரு பக்கமும் தென்னையும் கரும்பும் கலந்த வழி. கொஞ்ச தூரத்துக்கெல்லாம் விரிஞ்சிபுரத்துக் கோபுரம் தலை காட்டிற்று. மதிலழகுக்கு விரிஞ்சிபுரம் என்று சொல்லுவார்கள். அந்த மதிலின் ஓரமாகச் சுற்றி வந்தாலே ஒரு சிறு பிரயாணம் செய்தது போலிருக்கிறது.

இங்கே ஸ்வாமிக்கு மார்க்கபந்து என்று பெயர். தமிழில் வழித்துணைநாதர். மிளகு வியாபாரி ஒருவர் காஞ்சிக்குப் போகும் வழியில் கள்ளர் பயத்தால் இந்த ஸ்வாமியிடம் முறையிட, அவரே வேடனாக வந்து துணைபோனார் என்று தலபுராணம். ஆரணிக்கு அருகே அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீக்ஷிதர், பதினாறாம் நூற்றாண்டில், இவர்மீது ஒரு ஸ்தோத்திரம் செய்திருக்கிறார். வெளியூர் போகிறவர்கள் இன்றும் அதைச் சொல்லிவிட்டுப் புறப்படுவதுண்டு. டவுன் பஸ்ஸில் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் எது?

பிராகாரத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாக மணிக்கோடுகள் செதுக்கியது. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் மணி சொல்லும். என் பெண் ஓர் ஈர்க்குச்சியைத் தேடி எடுத்து வைத்துப் பார்த்தாள். என் கைக்கடிகாரமும் கல்லும் ஏறக்குறைய ஒத்துப்போயின. வேலூரில் சூரியன் உச்சிக்கு வருவது இந்தியப் பொது நேரத்துக்குச் சராசரி பதின்மூன்று நிமிஷம் பிந்தி. கார்த்திகை முதல் வாரங்களில் சூரியன் ஏறக்குறைய அதே அளவு முந்திவிடுவதால் கணக்கு நேராகிவிடுகிறது. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது என் பெண் குளத்தைப் பார்க்கப் போய்விட்டாள். கார்த்திகைக் கடைஞாயிறு இன்னும் வரவில்லை; அன்று பிள்ளை வரம் வேண்டி வரும் பெண்கள் இந்தச் சிம்ம தீர்த்தத்தில் முழுகி, ஈரத் துணியுடன் கோயிலில் படுத்திருப்பார்கள்.

கோயிலிலிருந்து பாலாற்றங்கரையோடு மேற்கே ஒரு மணி நேரம் நடந்தோம். நேயர்களில் பாலாற்றில் இறங்கி நடக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: அது மேலே ஓடாத ஆறு, கீழே ஓடுகிற ஆறு. அந்தக் காலத்தில் மணலைத் தோண்டி ஊற்றுக்கால் எடுத்து, அந்த நீரைக் கொண்டே இரு கரையிலும் நெல் விளைவித்தார்கள். மேல் நாட்டில் அணைகள் வந்தன. மணலும் லாரியில் ஏறிப் போயிற்று. 1892-ல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட நதிநீர் உடன்படிக்கையில் பாலாற்றின் பெயரும் இருக்கிறது. தண்ணீரை இழுத்துக்கொண்டவர்கள் மேற்கே இருக்கிறார்கள் என்று குறை சொல்வது எங்களுக்குச் சுலபம். மிஞ்சியதை நாங்கள் என்ன செய்தோம் என்ற கேள்விதான் கஷ்டமானது. அது பிற்பகலில் வரப்போகிறது.

அன்று ஆற்றில் ஒரு முழங்கால் அகல ஓடை தெளிவாக ஓடிற்று. சீமைக் கருவேலமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி, "எங்கே போறீங்க, சாமி?" என்றாள். "சும்மா நடக்கிறோம், பாட்டி" என்றேன். "பஸ்ஸு வரலியா?" என்று இரக்கத்தோடு கேட்டாள். இன்பத்துக்காக மனிதர்கள் நடப்பார்கள் என்பதை அவளுக்குக் கடைசி வரையில் என்னால் நிரூபிக்க முடியவில்லை.

மறுபடி நெடுஞ்சாலையில் ஏறி ஒரு பஸ்ஸைப் பிடித்தோம். பக்கத்து ஆசனத்தில் ஒரு கூடை நிறைய முள்ளுக் கத்தரிக்காய். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடிக் கத்தரிக்காய். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கூடைக்காரி அந்தக் கௌரவத்தைப் பற்றி ஒன்றும் அறியாள். "முள்ளு குத்தும், கையை எடு பாப்பா" என்று மட்டும் சொன்னாள். பள்ளிகொண்டாவில் சயனித்திருக்கும் உத்தர ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, பிற்பகல் ஒரு மணிக்கு ஆம்பூர் சேர்ந்தோம்.

சரித்திர உபாத்தியாயருக்கு ஆம்பூர் என்றால் 1749 ஆகஸ்டு 3. ஆற்காட்டு நவாப் அன்வருதீன் போரில் மாண்ட இடம். மற்ற எல்லோருக்கும் ஆம்பூர் என்றால் பிரியாணி. நானும் அன்று மற்ற எல்லோரோடும் சேர்ந்துகொண்டேன். சீரகச் சம்பா அரிசியின் மணமும், பக்கத்தில் புளிப்பான கத்தரிக்காய்க் கூட்டும் இருக்கும்போது நவாபின் ஞாபகம் எப்படி வரும்? காலையில் பஸ்ஸில் வந்த கத்தரிக்காய்தான் இலையிலும் வந்துவிட்டது என்று என் பெண் சாதித்தாள்.

சாப்பிட்டு எழுந்ததும், "நீங்கள் இருவரும் கொஞ்ச நேரம் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டிருங்கள். நான் ஒரு பையன் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்றேன்.

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதற்காகத்தானா விரிஞ்சிபுரத்திலிருந்தே சாமி கும்பிட்டுக்கொண்டு வருகிறீர்கள்? என்ன செய்தீர்கள் அந்தப் பையனை?"

இருபது வருஷம் கூட வாழ்ந்தவர்களிடம் எதை மறைக்க முடியும்? நடந்ததைச் சொன்னேன். இப்போது நேயர்களுக்கும் சொல்கிறேன்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையைப் பற்றிப் பாடம். டால்ஸ்டாய் பண்ணையில் அவர் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டது, அவருடைய நண்பர் காலன்பாக் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் அந்தத் தொழிலைப் படித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, 1914-ல் தம்மைச் சிறையிலடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே தாம் தைத்த ஒரு ஜதைச் செருப்பைப் பரிசளித்தது, பல வேனில்களில் அதை அணிந்த ஸ்மட்ஸ் 1939-ல் காந்தியின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி அதைத் திருப்பி அனுப்பியது எல்லாவற்றையும் உருக்கமாகச் சொன்னேன். என் குரலே சற்றுத் தழுதழுத்தது. வகுப்பு நிசப்தமாயிருந்தது.

அந்த வேளையில் ஒரு பையன் தாமதமாக உள்ளே வந்து, என் மேஜைக்கு அருகில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். அவனோடு அந்த வாடையும் வந்தது. பதினைந்து வருஷப் பழக்கம் என்னை அறியாமல் வேலை செய்தது. கை, பையில் இருந்த கைக்குட்டையை எடுத்தது. வாய், "யாரப்பா அது? அந்த ஜன்னலைத் திற" என்றது.

வகுப்பு சிரித்தது. பையன் எழுந்து ஜன்னலைத் திறந்தான். பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தான். நான் ஸ்மட்ஸின் செருப்பைத் தொடர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரையில் வரவில்லை.

இதைக் கேட்டதும் என் மனைவி, "நாங்களும் வருகிறோம்" என்றாள்.

ஆம்பூரிலிருந்து இன்னொரு டவுன் பஸ். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆற்றங்கரையில் அதைப் போல எத்தனையோ ஊர். இறங்கியதும் அந்த வாடை வந்தது. என் பெண் மூக்கைப் பிடிக்கப் போனாள். தாயார் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அந்தக் கை என்னுடையதாகவே எனக்குத் தோன்றிற்று.

பையனுடைய தகப்பனார் திண்ணையில் இருந்தார். என்னைக் கண்டதும் தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "வாத்தியாரு வந்திருக்காரு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவருடைய மகிழ்ச்சியைப் பார்க்க எனக்குக் கஷ்டமாயிருந்தது. "பையனுக்கு ஜுரம்னு நாலு நாளா அனுப்பலீங்க, சார். அதுக்குப் போயி நீங்களே வந்திருக்கீங்களே!" என்றார்.

பையன் வாசற்படியில் வந்து நின்றான். ஜுரத்தின் அடையாளம் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. வீட்டில் அவன் சொன்ன பொய் என்னுடைய மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய்.

தேநீர் வந்தது. "கேன் தண்ணிதாங்க, தைரியமா குடிங்க" என்றார் அந்த அம்மாள். கேணி நீர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வாங்க, காட்டறேன்" என்று தகப்பனார் எங்களை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

அரை ஏக்கர் நிலம். நடுவில் கல் கட்டிய அழகான கிணறு. தண்ணீர் நிறைய இருந்தது. நாலைந்து தென்னைகள், மட்டைகள் மஞ்சளாகத் தொங்கின, காய்கள் கையடக்கமாகச் சிறுத்திருந்தன. ஒரு கை நீரை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

"எங்க அப்பாரு இதுல நெல்லு போட்டவரு, சார். தண்ணி கெட்டப்புறம் நான் டேனரிக்குப் போயிட்டேன். கேணியைக் கெடுத்ததும் அதுதான். இப்ப சோறு போடறதும் அதுதான். யாரைத் திட்டறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; வானிலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

தொழிலைப் பற்றிக் கேட்டேன். பெருமையோடு சொன்னார். உப்பிட்டு வரும் தோலைக் கழுவி, சுண்ணாம்பில் ஊற வைத்து, மயிர் நீக்கி, சதை சீவி, பிறகுதான் பதனிட வேண்டும். அந்த முதல் கழுவலில் போகும் உப்புத்தான் மண்ணுக்குச் சத்துரு. அவர் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள், வாரக்கணக்காகும். இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு. சீக்கிரம் முடிகிறது, தோல் நீல நிறமாக வெளிவருகிறது. "ஆவாரம்பட்டைத் தோலு வாசனையே வேற, சார்" என்றார். அந்தத் தோலுக்குச் சரித்திரத்தில் இடம் உண்டு. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு வேண்டுமென்று சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத் தோல் வியாபாரத்தை 1916-ல் சர்க்காரே தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதைப் பதனிட்ட கைகளின் பேரன் முன்னால் நிற்பது அன்றுதான்.

1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்றும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநாட்டியது அந்தத் தீர்ப்புத்தான். உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயரைப் படிப்பது அதனாலேதான். அதன்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுத்தம் செய்த நீரையே திரும்ப உபயோகிக்கும் முறைகளும் வந்தன. ஆனாலும் மண்ணுக்குள் இறங்கிய உப்பு தீர்ப்பைப் படிப்பதில்லை. 2025 ஜனவரி 30 அன்று சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் நஷ்டஈட்டையும் பாலாற்றைச் சீர்ப்படுத்துவதையும் பற்றி உத்தரவு போட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

தகப்பனார் இளநீர் பறிக்கப் போனார். கிணற்றடியில் நானும் பையனும் மாத்திரம் நின்றோம்.

"ஜுரம் இல்லை அல்லவா?" என்றேன்.

"இல்ல, சார்."

"தப்பு என்னுடையது. அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு அப்பாவுக்குச் சாப்பாடு குடுத்துட்டு நேரா வந்தேன், சார். குளிக்க நேரமில்ல. நாளைக்குக் குளிச்சிட்டு வரேன்" என்றான்.

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்! என் படிப்பும் பட்டமும் அந்தக் கிணற்றில் விழுந்துவிட்டது போலிருந்தது. "நீ எப்போதும் போல வா. முதல் பெஞ்சில் உட்கார்" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

புறப்படும்போது பஸ் நிற்கும் இடம் வரையில் அவன் வழித்துணையாக வந்தான். ஆற்றில் எந்த இடத்தில் 2021-ல் வெள்ளம் ஏறிற்று என்று என் பெண்ணுக்குக் காட்டினான். "வெள்ளம் வந்து போனப்புறம் கொஞ்ச நாள் கேணித் தண்ணி இனிச்சுது" என்றான்.

மறுநாள் வகுப்பு. எல்லோர் முன்னிலையிலும் சொன்ன வார்த்தைக்குக் கிணற்றடியில் தனியாக மன்னிப்புக் கேட்டால் போதாது என்று இரவெல்லாம் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ஆகையால் பாடத்துக்கு முன் சொன்னேன்: "சென்ற திங்கட்கிழமை காந்தியடிகள் செருப்புத் தைத்ததைப் பாராட்டிப் பேசினேன். அதே மணியில், தோல் வேலை செய்கிற ஒரு வீட்டை அவமதித்தேன். நான் செய்தது தவறு. நீங்கள் சிரித்ததற்கும் நானே காரணம்."

யாரும் பேசவில்லை. பிறகு நடுவில் ஒரு பையன் எழுந்தான். நன்றாக உடுத்தி வருகிறவன். அன்று உரக்கச் சிரித்தவர்களில் ஒருவன். "எங்க அம்மாவும் கம்பெனிதான், சார்" என்றான். அவன் உட்காருவதற்குள் இன்னொருவன் எழுந்தான். "எங்க அப்பா டேனரி டிரம்ல, சார்." பிறகு கைகள் வரிசையாக எழுந்தன. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேரில் இருபத்து மூன்று. பதினைந்து வருஷமாக நான் யாருக்குப் பாடம் சொல்லி வந்தேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

எங்கள் பையன் முதல் பெஞ்சில்தான் இருந்தான். தலையில் ஈரம் காயவில்லை, குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

இப்போது நான் பள்ளிக்கூடத்துக்கும் டவுன் பஸ்களிலேயே மாறி மாறிப் போய் வருகிறேன். நேரம் அதிகம் பிடிக்கிறது. உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். கம்பெனி விடும் வேளையானால் சாப்பாட்டுப் பைகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் தவம் செய்ய வேண்டும். நேயர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் புறப்பட்டுப் பாருங்கள் என்பதே என் விண்ணப்பம். உங்கள் ஜில்லா எதுவானாலும் சரி; இரண்டு புளியமரத்தடிகளில் இறங்கி, ஒரு கிணற்று நீரையாவது ருசி பாருங்கள்.

ஆம்பூர் நெருங்கும்போது வாடை வருகிறதா என்று கேட்பீர்கள். வருகிறது. அது நல்ல வாசனை என்று நான் சொல்லப் போவதில்லை. அதோடு வாழ்கிறவர்களே அப்படிச் சொல்வதில்லை. என் கை இன்னமும் சில நாள் பழக்கத்தால் பைக்குள் போகிறது. அப்போது குனிந்து என் காலில் இருக்கும் பூட்ஸைப் பார்க்கிறேன். கைக்குட்டையை எடுத்து நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, திரும்பப் பையில் வைத்துவிடுகிறேன்.